உருக்கினால் விலை குறையும் தங்கம்

வீட்டில் பழைய நகையை விற்கப் போகும்போது கூடவே போய் நின்று பார்த்திருக்கிறீர்களா? கடைக்காரர் முதலில் கல்லையும் அரக்கையும் கழிப்பார். மிச்சத்தைத் தராசில் வைப்பார். உரைகல்லில் தேய்த்தோ, கேரட் மீட்டர் என்ற பெட்டிக்குள் வைத்தோ மாற்று எவ்வளவு என்று பார்ப்பார். அப்புறம் அன்றைய கிராம் விலையால் ஒரு பெருக்கல். வியாபாரம் முடிந்தது. பாட்டியின் காசுமாலையானாலும் சரி, போன மாதம் வாங்கிய மோதிரமானாலும் சரி, அதன் அழகுக்கென்று ஒரு பைசா தரமாட்டார்கள். கொடுத்த செய்கூலி போனது போனதுதான்.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒரு தங்கம் இருக்கிறது. அதை உருக்கிவிட்டால் விலை குறைந்துவிடும். கிடைத்த கோலத்திலேயே, மேடும் பள்ளமும் நெளிவுமாக, ஒட்டியிருக்கும் கல்லோடு விற்றால்தான் நல்ல விலை. அதை எந்த ஆசாரியும் செய்யவில்லை. பூமிக்குள் தானாக உருவானது. இயற்கைப் பொற்கட்டி என்று அதைச் சொல்கிறோம்.

அது ஏன் அப்படி? விடை பாதி கடைத்தெருவிலும் பாதி பாறைக்குள்ளும் இருக்கிறது. இரண்டையும் பார்க்க ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்குப் போவோம். உலகத்தின் பெரிய பொற்கட்டிகள் பல கிடைத்த இடம் அது.

1869 பிப்ரவரி 5. மோலியாகல் என்ற சிற்றூர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து பிழைக்க வந்த ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர் அங்கே கூட்டாகத் தங்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். டீசன் ஒரு மரத்தடியில் கொத்தும்போது குந்தாலி எதிலோ ‘ணங்’ என்று இடித்தது. கல்தான் என்று நினைத்தார். மண்ணை விலக்கிப் பார்த்தால் மஞ்சள் பாளம்! மேல்மண்ணிலிருந்து வெறும் 3 சென்டிமீட்டர் ஆழம். அவ்வளவு மேலாக, ஒரு மழை பலமாகப் பெய்திருந்தால் தானே வெளியே தெரிந்திருக்கும் போல, அது கிடந்தது. நீளம் 61 சென்டிமீட்டர், அகலம் 31 சென்டிமீட்டர்.

கட்டியெங்கும் வெங்கச்சங்கல் ஒட்டியிருந்தது. ரயில் பாதை ஓரத்திலும் வயல் வரப்பிலும் பார்ப்பீர்களே, இரண்டை உரசினால் தீப்பொறி பறக்கும் வெள்ளைக் கல், அதுதான். விஞ்ஞானிகள் குவார்ட்ஸ் என்பார்கள். அதைப் பிரிக்க அவர்கள் செய்த வேலை எளியது: கட்டியை அடுப்பு நெருப்பில் போட்டுவிட்டார்கள். வெங்கச்சங்கல் சூடேறும்போது விரியும். 573 டிகிரி செல்சியஸில் அதன் உள்கட்டமைப்பே மாறிவிடும். அப்போது படீர் படீரென்று விரிசல் விடும். தங்கம் உருகுவதற்கோ 1,064 டிகிரி வேண்டும். விறகு அடுப்பில் கல் நொறுங்கியது, தங்கம் அப்படியே நின்றது. டீசனுக்கு இந்த எண்கள் தெரிந்திருக்காது. கைப்பழக்கம் தெரிந்திருந்தது.

பிறகு பக்கத்து ஊரான டனோலிக்கு, லண்டன் சார்ட்டர்டு வங்கிக்கு எடுத்துப் போனார்கள். அங்கே இன்னொரு சிக்கல். அவ்வளவு பெரிய கட்டியை நிறுக்க வங்கியில் தராசு இல்லை! கொல்லரைக் கூப்பிட்டு, பட்டறைக் கல்லில் வைத்து உடைத்து, துண்டு துண்டாக நிறுத்தார்கள். தங்கம் மட்டும் ஏறத்தாழ 72 கிலோ. நம் ஊர்க் கணக்கில் 9,000 பவுன். இருவருக்கும் 9,000 பவுண்டுக்கு மேல் பணம் கிடைத்தது. அந்தக் கட்டிக்கு ‘வெல்கம் ஸ்டிரேஞ்சர்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை உலகில் கிடைத்ததிலேயே பெரிய பொற்கட்டி அதுதான்.

72 கிலோ என்றதும் ஒரு பெரிய மூட்டை கண்ணில் தெரிகிறதா? ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் எடை. 72,000-ஐ 19.3-ஆல் வகுத்துப் பாருங்கள். 3,730 கன சென்டிமீட்டர் வரும். அதாவது அந்தத் தங்கம் முழுவதையும் உருக்கி ஊற்றினால் நாலு லிட்டர் எண்ணெய் டின்னுக்குள் அடங்கிவிடும். டின்னைத் தூக்கத்தான் ஆள் வேண்டும்.

உருக்கத்தான் செய்தார்கள். பாளம் பாளமாக வார்த்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். வார்ப்பதற்கு முன் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை ஓவியத்தைப் பார்த்துச் செய்த மாதிரிகள். அதற்குப் 11 ஆண்டு முன்பு, 1858-இல், பல்லாரட் நகரில் கிடைத்த 69 கிலோ ‘வெல்கம்’ கட்டிக்கும் இதே கதிதான். சில காலம் காட்சிக்கு வைத்தார்கள், பிறகு லண்டன் அரச நாணயச்சாலை அதை வாங்கி உருக்கிவிட்டது.

அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அன்றைக்குத் தங்கம் என்றால் பணம். பணத்தை எடைபோட்டு வாங்கினார்கள். தங்கவயல்களில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த வியாபாரிகளிடம் ஒரு தராசு, கொஞ்சம் அமிலம், ஒரு பணப்பெட்டி இருக்கும். அவர்கள் எடைக்குப் பயன்படுத்தியது டிராய் அவுன்ஸ்; ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். லண்டன் நாணயச்சாலையில் 22 கேரட் தங்கத்துக்கு அவுன்சுக்கு 3 பவுண்டு 17 ஷில்லிங் 10½ பென்ஸ் என்பது நிலையான விலை. விக்டோரியாவில் தங்க வேட்டை தொடங்கிய புதிதில் தோண்டியவர் கைக்கு 3 பவுண்டு வந்தாலே பெரிது. மிச்சம் வழியில் கொள்ளையர் பயம், கப்பல் செலவு, வியாபாரியின் லாபம் என்று போய்விடும். அதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில்லறை இல்லாத குறைக்குத் தங்கத் தூளையே பணமாகக் கொடுத்தார்கள். ஒரு சிட்டிகை ஒரு டாலர். யாருடைய சிட்டிகை? கடைக்காரருடைய சிட்டிகை! கட்டைவிரல் தடித்த ஆளைக் கல்லாவில் உட்காரவைத்த கடைகள் பற்றி நிறையக் கதைகள் உண்டு.

மெல்போர்னில் 1872-இல் நாணயச்சாலை திறந்தார்கள். விக்டோரியாவின் தங்கம் அங்கே 22 கேரட் சவரன் காசுகளாக வெளிவந்தது. ஒரு சவரன் கிட்டத்தட்ட 8 கிராம். நம் வீடுகளில் இன்றைக்கும் எட்டு கிராமை ஒரு சவரன், ஒரு பவுன் என்றுதானே சொல்கிறோம்? அந்த அளவு இந்தக் காசிலிருந்து வந்தது.

உருக்காமல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஒருவரும் இருந்தார். பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹில் எண்டு என்ற இடத்தில், 1872 அக்டோபர் 19 அன்று, அவர் பங்குதாரராக இருந்த சுரங்கத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பாறை வெளிவந்தது. எடை 286 கிலோ. அதில் வெங்கச்சங்கல்லும் தங்கமும் கலந்திருந்தன. இதைப் பொற்கட்டி என்று சொல்லமாட்டார்கள், தங்கம் ஓடிய பாறை என்பார்கள். ஹோல்டர்மன் மதிப்பிட்ட விலைக்கு மேல் 1,000 பவுண்டு சேர்த்துத் தருகிறேன், எனக்கே விற்றுவிடுங்கள் என்று நிறுவனத்திடம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். பாறை ஆலைக்குப் போய் நொறுங்கியது. ஹோல்டர்மன் அந்தப் பாறையின்மேல் கைவைத்து நிற்கும் புகழ்பெற்ற போட்டோ ஒன்று இருக்கிறது. அது தனித்தனிப் படங்களை ஒட்டிச் செய்த தந்திரப் படம்! போட்டோஷாப் வருவதற்கு நூறாண்டுக்கு முந்தைய சாமர்த்தியம்.

இனி 1980-க்குத் தாவலாம். செப்டம்பர் 26. அதே விக்டோரியா, கிங்கோவர் என்ற ஊர். கெவின் ஹில்லியர் என்பவர் மெட்டல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டே நடந்தார். அது ‘கூ’ என்று கூவிய இடத்தில் தோண்டினால், சுமார் ஓரடி ஆழத்தில், செங்குத்தாக நின்றபடி ஒரு கட்டி. 27.21 கிலோ. ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ என்று பெயரிட்டார்கள்.

மெட்டல் டிடெக்டருக்குத் தங்கம் தெரியாது, மின்சாரம் கடத்தும் பொருள் மட்டுமே தெரியும். அதன் அடியிலுள்ள வட்டமான கம்பிச்சுருளில் மின்சாரம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மண்ணுக்குள் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் புலத்தில் ஓர் உலோகம் அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். கருவி அதைப் பிடித்து ஒலியாக்கும். துருப்பிடித்த ஆணிக்கும், பழைய தோட்டாவுக்கும், குளிர்பான மூடிக்கும் இதே வரவேற்புதான். ஆகவே இந்த வேலைக்குக் காதைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்.

ஹில்லியர் அதை உருக்கவில்லை. 1981-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ‘கோல்டன் நக்கட்’ என்ற கேளிக்கை விடுதி 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்தது. அன்றைய தங்க விலைக்கு உருக்கி விற்றிருந்தால் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்திருக்கும். பிரேசில் நாட்டின் செர்ரா பெலாடா சுரங்கத்தில் 1983-இல் வெளிவந்த 60.82 கிலோ ‘கனான்’ கட்டியையும் யாரும் உருக்கவில்லை. அந்நாட்டின் மத்திய வங்கி தன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது. இன்று உருகாமல் மிஞ்சியிருக்கும் கட்டிகளில் பெரியது அதுவே. அதைவிடப் பழையது ரஷ்யாவில் இருக்கும் ‘பெரிய முக்கோணம்’. யூரல் மலைப் பகுதியில் 1842-இல் கிடைத்த அந்த 36 கிலோ கட்டியை மாஸ்கோவில் பார்க்கலாம்.

ஆக, மிச்சப் பாதி விலை எதற்கு? அபூர்வத்துக்கு. தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பாறையில் கலந்து கிடக்கும். ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் கிடைத்தாலே நல்ல சுரங்கம். கோலார் தங்கவயலில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி வெட்டியது இப்படிப்பட்ட பாறையைத்தான். அது 2001-இல் மூடப்பட்டது. கையில் எடுத்துப் பார்க்கிற அளவுக்குத் தங்கம் ஓரிடத்தில் திரண்டு நிற்பது இயற்கையில் எப்போதாவது நடக்கும் காரியம்.

அது எப்படித் திரள்கிறது? விக்டோரியாவின் கதை சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீர், மேலேயுள்ள பாறையின் அழுத்தத்தால் ஆவியாக முடியாமல் அடைபட்டுக் கிடந்தது. அந்த நீரில் கந்தகம் இருந்தது. சாதாரணமாக எதனோடும் ஒட்டாத தங்கம், அந்த வெப்பத்தில் கந்தகத்தோடு கைகோத்து நீரில் கரையும். நிலநடுக்கம் வந்து பாறை பிளக்கும்போது நீர் பிளவுக்குள் பாயும். அழுத்தம் சட்டென்று குறையும். கரைந்திருந்ததெல்லாம் படியத் தொடங்கும். வெங்கச்சங்கல் நிறையப் படியும், தங்கம் துளித்துளியாகப் படியும்.

இங்கேதான் விஞ்ஞானிகளுக்கு ஒரு சந்தேகம். நீரில் கரைந்திருந்த தங்கம் மிக மிகக் குறைவு. அது பிளவு முழுவதும் தூவினாற்போலத்தானே படிய வேண்டும்? ஓரிடத்தில் கிலோக் கணக்கில் ஏன் சேர வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் இதற்கு ஓர் அழகான விடை சொன்னார்கள். வெங்கச்சங்கல்லை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். ‘குவார்ட்ஸ்’ என்று எழுதியிருக்கும் கைக்கடிகாரம் ஓடுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான். அவர்கள் குவார்ட்ஸ் வில்லைகளைத் தங்கம் கரைந்த திரவத்தில் வைத்து, மோட்டாரால் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். அது அவர்களுடைய செயற்கை நிலநடுக்கம். குவார்ட்ஸின் மேல் நுண்ணிய தங்கத் துகள்கள் படிந்தன. அதைவிட முக்கியமான செய்தி, ஏற்கெனவே தங்கம் இருந்த இடத்தைத் தேடிப்போய்ப் புதுத் தங்கம் ஒட்டியது. காரணம் புரிகிறதா? குவார்ட்ஸ் மின்சாரம் கடத்தாது, தங்கம் நன்றாகக் கடத்தும். ஆகவே அங்கே இருக்கும் சிறு தங்கப் பொட்டு மின்முனையாகிவிடுகிறது. ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் அதன்மேல் இன்னொரு பூச்சு. ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பணக்காரர் மேலும் பணக்காரராவது மாதிரி என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். நமக்கு இங்கே மின்சாரம் போதும்.

பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள். மேலேயிருந்த பாறை வெயிலிலும் மழையிலும் தேய்ந்து போயிற்று. கல் உடைந்து மணலாகி ஓடியது. கனமான தங்கம் அவ்வளவு தூரம் ஓடாமல் பக்கத்திலேயே தங்கிவிட்டது. டீசனின் கட்டி மரத்தடியில் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வந்த வழி இதுதான். அது மேலே ஏறி வரவில்லை. மேலேயிருந்த மலைதான் கரைந்து கீழே இறங்கியது.

ஆற்றுத் தண்ணீரில் தங்கம் மெல்ல மெல்ல வளர்ந்து கட்டியாகிறது என்று பழைய தோண்டுகாரர்கள் சிலர் நம்பினார்கள். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வைச் சேர்ந்த ராபர்ட் ஹஃப் குழுவினர் கட்டிகளை வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்த்தார்கள். உள்ளே படிகங்கள் நெருக்கமாகப் பொருந்தியிருந்தன. தங்கத்தோடு வெள்ளியும் சீராகக் கலந்திருந்தது. ஆற்றின் குளிர்ந்த நீரில் இப்படி உருவாகாது. பூமியின் ஆழத்தில், வெப்பத்தில் பிறந்த அடையாளம் அது. கட்டியைப் படிக்க அதை வெட்டவேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. இப்போது அதற்கும் வழி வந்துவிட்டது. ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் ‘ஆட்டுக்கடா கொம்பு’ என்று பெயர் பெற்ற, முறுக்கிய கம்பிபோன்ற 263 கிராம் தங்கம் இருக்கிறது. அதை நியூட்ரான் கதிர்களால் துளைத்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட விழாமல் உள்ளேயிருக்கும் படிகங்கள் தெரிந்தன.

நுண்ணுயிர்களுக்கு இதில் வேலை இல்லையா? கொஞ்சம் உண்டு. குப்ரியாவிடஸ் மெட்டாலிடுரன்ஸ் என்ற நீளமான பெயருடைய பாக்டீரியா தங்கத் துகள்களின் மேல் வாழ்வதை ஃபிராங்க் ரீத் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். கரைந்த தங்கம் அதற்கு நஞ்சு. அதைத் திடத் தங்கமாக மாற்றி வெளியே தள்ளித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆகவே கட்டியின் மேல் மெல்லிய பூச்சு பூசும் வேலை அதனுடையது. கட்டியைச் செய்தது பாறை.

இந்த மேல்பூச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போகும்போது உதவும். மண்ணில் நெடுங்காலம் கிடக்கும் கட்டியின் மேற்பரப்பிலிருந்து வெள்ளி கரைந்து போய்விடும். தங்கம் கரையாது. அதனால் வெளித்தோல் உள்ளேயிருப்பதைவிடச் சுத்தமான தங்கம்! உரைகல்லும் சரி, எக்ஸ் கதிரால் இயங்கும் கேரட் மீட்டரும் சரி, தோலைத்தான் பார்க்கும். இரண்டையும் நம்பிப் பொற்கட்டியை வாங்கினால் மாற்று அதிகமாகக் காட்டும். விவரம் தெரிந்த வியாபாரி அதோடு நிற்கமாட்டார். கட்டியைத் தண்ணீரில் வைத்து நிறுப்பார்.

அதை நீங்களும் செய்யலாம். தங்கம் வேண்டாம், ஒரு கூழாங்கல் போதும். சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கல்லில் நூல் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு ஓர் எண் காட்டும். கல்லைத் தாங்குவது உங்கள் கை, அப்புறம் தராசுக்கு என்ன எடை தெரிகிறது? தண்ணீர் கல்லை மேலே தள்ளுகிறது. கல் அதே அளவு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல், கல் விலக்கிய தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர். ஆகவே தராசு காட்டும் எண்ணே கல்லின் பருமன். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். வெங்கச்சங்கல்லுக்கு 2.65 பக்கம் வரும்.

இனி தங்கம் ஓடிய கல்லுக்கு வருவோம். எடை 100 கிராம், பருமன் 20 கன சென்டிமீட்டர் என்று வையுங்கள். அவ்வளவும் வெங்கச்சங்கல்லாக இருந்தால் 20 × 2.65 = 53 கிராம்தான் இருக்கவேண்டும். 47 கிராம் அதிகம் இருக்கிறது. அது தங்கத்தின் வேலை. ஒரு கன சென்டிமீட்டர் கல்லை எடுத்துவிட்டு அங்கே தங்கத்தை வைத்தால் 19.3 – 2.65 = 16.65 கிராம் கூடும். 47-ஐ 16.65-ஆல் வகுத்தால் 2.82. ஆக உள்ளே 2.82 கன சென்டிமீட்டர் தங்கம். அதை 19.3-ஆல் பெருக்கினால் 54.5 கிராம். கல்லை உடைக்காமல் உள்ளேயிருக்கும் தங்கத்தை எண்ணிவிட்டோம். தங்கம் தேடுகிறவர்கள் இன்றும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: கல்லில் இரும்புத் தாதுவோ வேறு கனிமமோ கலந்திருந்தால் கணக்கு ஏமாற்றும். கல் வெள்ளையாக இருப்பது நல்லது.

ஆற்று மணலைத் தட்டில் வைத்து அரித்துத் தங்கம் எடுப்பதிலும் இந்த அடர்த்திதான் உதவுகிறது. காற்றில் தங்கம் வெங்கச்சங்கல்லைவிட ஏழு மடங்கு கனம். தண்ணீருக்குள் இரண்டும் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் ஒரு கிராம் எடையை இழக்கின்றன. 18.3-க்கு 1.65. இப்போது வித்தியாசம் பதினோரு மடங்கு! தட்டைச் சுழற்றினால் மணல் வழிந்துபோகும், தங்கம் அடியில் நிற்கும். நகைப் பட்டறைகள் நிறைந்த தெருக்களில் சாக்கடை மண்ணை வாரி அரித்துத் தங்கத்தூள் எடுப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

‘முட்டாள் தங்கம்’ என்று ஒன்று உண்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். மஞ்சளாகப் பளபளக்கும். ஆனால் அடர்த்தி 5-தான். சுத்தியலால் தட்டினால் நொறுங்கும். தங்கமோ நசுங்கித் தகடாகும். கலிபோர்னியாவில் 1848 ஜனவரி 24 அன்று மரம் அறுக்கும் ஆலைக் கால்வாயில் மஞ்சள் துண்டைக் கண்ட ஜேம்ஸ் மார்ஷல், அதைக் கல்லில் வைத்துத் தட்டித்தான் பார்த்தார். அங்கே சமையல் பார்த்துக்கொண்டிருந்த ஜென்னி விம்மர் இன்னும் கெட்டிக்காரர். சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்த காரம் நிறைந்த கொப்பரையில் துண்டைப் போட்டுக் கொதிக்கவிட்டார். வெளியே எடுத்தபோது நிறம் மாறாமல் மின்னியது. காரத்துக்குத் தங்கம் அசையாது என்பதை ஒரு சோப்புச் சட்டி நிரூபித்துவிட்டது. (நீங்கள் காரத்தையோ அமிலத்தையோ தொடவே வேண்டாம். தண்ணீரும் தராசும் போதும்.)

உண்மையான தங்கத்திலேயே போலிக் கட்டி செய்பவர்களும் இருக்கிறார்கள். உருக்கிய தங்கத்தைத் தண்ணீரில் ஊற்றி மேடுபள்ளமாக்கி, இயற்கைக் கட்டி என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். அடர்த்திச் சோதனையில் அது தேறிவிடும், ஏனென்றால் அது தங்கம்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காற்றுக் குமிழிகளின் தடம் தெரியும். அச்சில் வார்த்ததென்றால் இன்னும் எளிது. அதே உருவத்தில் இன்னொன்று எங்காவது விற்பனைக்கு இருக்கும். இயற்கை ஒரே கட்டியை இரண்டு முறை செய்யாது.

இந்தக் கடைசி விதி ஒரு பெரிய குட்டையும் உடைத்திருக்கிறது. 2011 மார்ச்சில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் சுமார் 3 கிலோ கட்டி ஒன்று ஏலத்துக்கு வந்தது. கலிபோர்னியா மண்ணில் அண்மையில் தோண்டியது என்று சொன்னார்கள். அங்கே பெரிய கட்டிகள் ஏறக்குறைய எல்லாமே பழைய காலத்தில் உருகிப் போய்விட்டதால் ஒரே போட்டி. தரகோடு சேர்த்து 4,60,000 டாலருக்குப் போனது. அதிலிருந்த தங்கத்தின் விலையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குரல்: இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேனே! பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள். மேடுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் பொருந்தியது. 1980-களில் விக்டோரியாவின் பல்லாரட் பக்கம் கிடைத்த கட்டி அது. எடை மாறவில்லை, மாற்று மாறவில்லை. பிறந்த ஊர் மாறியதும் ஏலத்தில் சொன்ன கதை கெட்டுவிட்டது. அதை யாராவது உருக்கியிருந்தால் இந்தப் பொய் வெளியே வந்தே இருக்காது.

படம் இல்லாதபோதும் பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தங்கத்தில் கலந்திருக்கும் வெள்ளியின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும். விக்டோரியாவின் கட்டிகள் பெரும்பாலும் மிகச் சுத்தம். கலிபோர்னியாவில் வெள்ளி கூடுதலாக இருப்பது வழக்கம். லேசர் கதிரால் கண்ணுக்குத் தெரியாத அளவு துகளை ஆவியாக்கி, மற்ற உலோகங்கள் எவ்வளவு என்று அளந்து, எந்தச் சுரங்கத்துத் தங்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். திருட்டுத் தங்கத்தைப் பிடிக்கவும் இந்த முறை பயன்படுகிறது.

விக்டோரியாவில் இன்றும் யார் வேண்டுமானாலும் தங்கம் தேடலாம். 1855-இல் தொடங்கிய ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அனுமதிச் சீட்டை ஒரு சிறு கட்டணம் கட்டி வாங்கினால் 10 ஆண்டுக்குச் செல்லும். கிடைத்த தங்கம் தேடியவருக்கே; விற்கவும் செய்யலாம். நிபந்தனைகளில் எனக்குப் பிடித்தது, தோண்டிய குழியைத் தோண்டியவரே மூடவேண்டும் என்பது. நம் நாட்டில் அப்படி முடியாது. தங்கம் தோண்ட அரசின் சுரங்க உரிமம் வேண்டும்.

நம் நீலகிரியிலும் ஒரு தங்க வேட்டை நடந்தது தெரியுமா? கூடலூருக்குப் பக்கத்தில் தேவாலா, பந்தலூர். விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரஃப் ஸ்மித் 1879-இல் இங்கே வந்து பாறைகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். லண்டனில் சுரங்க நிறுவனங்கள் முளைத்தன, பங்குகள் பறந்தன. பாறையில் இருந்த தங்கமோ செலவுக்கே கட்டவில்லை. சில ஆண்டுகளில் நிறுவனங்கள் கவிழ்ந்தன, எஸ்டேட்டுகளில் தேயிலை வளர்ந்தது.

சரி, நோட்டை எடுங்கள். ஒரு வெள்ளைக் கல். எடை 60 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டால் தராசு 12 காட்டுகிறது. உள்ளே எத்தனை பவுன் தங்கம்? விடை நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வந்தால் உங்கள் கணக்குச் சரி. அதன்பின் உங்கள் தெருவிலிருந்து ஒரு வெங்கச்சங்கல்லை எடுத்து நிறுத்துப் பாருங்கள். 2.65 வந்தால் மகிழ்ச்சி. 5 வந்தால் பைரைட்டோ இரும்புக் கல்லோவாக இருக்கும், அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். 10-க்கு மேல் வந்தால் முதலில் கல் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருந்ததா, தராசு சரியாகப் பூச்சியத்தில் இருந்ததா என்று பார்த்துவிட்டு, இன்னொரு முறை நிறுங்கள்.